சுவருக்கு அந்தப் பக்கம் யார்?

பெல்பாஸ்ட் – வட அயர்லாந்தின் தலைநகரம். கப்பல் கட்டுவதில் ஒரு காலத்தில் உலகப் புகழ் பெற்ற ஊர். கடலில் மூழ்கிய 'டைட்டானிக்' கப்பல் கட்டப்பட்டது இந்த ஊரில்தான்.

அந்த நகரத்தில் சில தெருக்களின் நடுவே உயரமான சுவர் நிற்கிறது. அது வீட்டு மதில் அல்ல. சிறைச்சாலைச் சுவரும் அல்ல. ஜனங்களை ஜனங்களிடம் இருந்து பிரித்து வைப்பதற்காக எழுப்பிய சுவர்! அதற்கு வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? "சமாதானச் சுவர்"!

சில இடங்களில் சுவரில் இரும்புக் கதவு உண்டு. பகலில் திறப்பார்கள். இரவில் பூட்டி விடுவார்கள்.

முதல் சுவர் 1969-ம் ஆண்டில் எழுந்தது. கொஞ்ச காலம் இருந்தால் போதும் என்று நினைத்துத்தான் கட்டினார்கள். இன்னும் நிற்கிறது. 2023-ம் ஆண்டுக்குள் எல்லாச் சுவர்களையும் எடுத்து விடுவது என்று 2013-ம் ஆண்டில் சர்க்கார் திட்டம் போட்டது. கெடு முடிந்து விட்டது. சுவர்கள் போகவில்லை.

சுவருக்கு ஒரு பக்கம் கத்தோலிக்கர்கள். மறுபக்கம் புராடெஸ்டண்டுகள். இருவரும் கும்பிடுவது ஏசுநாதரைத்தான். இருவரும் பேசுவது இங்கிலீஷ். பின் ஏன் சுவர்?

சண்டை எதற்கு?

அயர்லாந்து ஒரு தீவு. இங்கிலாந்துக்கு மேற்கே இருக்கிறது. முன்பு தீவு முழுவதும் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. 1921-ம் ஆண்டில் அது இரண்டாகப் பிரிக்கப்பட்டது. தெற்கே இருந்த பெரும்பகுதி பிறகு தனி நாடாயிற்று. அதுதான் இன்றைய அயர்லாந்துக் குடியரசு. வடக்கே ஆறு மாவட்டங்கள் மட்டும் பிரிட்டனோடு தங்கி விட்டன. அதுதான் வட அயர்லாந்து.

"பிரிட்டனோடுதான் இருப்போம்" – இது பெரும்பாலான புராடெஸ்டண்டுகளின் கட்சி. "அயர்லாந்தோடு சேர வேண்டும்" – இது பெரும்பாலான கத்தோலிக்கர்களின் கட்சி. ஆக, சண்டை சாமியைப் பற்றியது அல்ல. கொடியைப் பற்றியது.

வீடு, வேலை, ஓட்டு எல்லாவற்றிலும் தங்களுக்கு ஓரவஞ்சனை நடக்கிறது என்று கத்தோலிக்கர்கள் கிளர்ச்சி செய்தார்கள். 1960-களின் கடைசியில் கிளர்ச்சி கலகமாக மாறியது. துப்பாக்கி வந்தது. வெடிகுண்டு வந்தது. சுமார் 30 ஆண்டுகள் ஓயவில்லை. 3,500 பேருக்கு மேல் மாண்டார்கள். இரண்டு பக்கமும் பிணம் விழுந்தது.

1998-ம் ஆண்டு ஏப்ரல் 10-ந் தேதி சமாதான ஒப்பந்தம் ஏற்பட்டது. அன்று பெரிய வெள்ளிக்கிழமை.

துப்பாக்கி ஓய்ந்தது. ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒரு சுவர் இருந்ததே, அது மட்டும் அசையவில்லை.

ஓர் எழுத்து போதும்!

வட அயர்லாந்தில் மொத்தம் 19 லட்சம் ஜனங்கள். சென்னை நகரத்தின் ஜனத்தொகையைவிடக் குறைவு. 2021-ம் ஆண்டுக் கணக்குப்படி, கத்தோலிக்கராகப் பிறந்து வளர்ந்தவர்கள் நூற்றுக்கு 45.7 பேர். புராடெஸ்டண்டு முதலிய மற்றக் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு 43.5 பேர். ஏறக்குறைய சரிபாதி!

கத்தோலிக்கப் பிள்ளைக்கு ஒரு பள்ளிக்கூடம். புராடெஸ்டண்டுப் பிள்ளைக்கு வேறு பள்ளிக்கூடம். அப்படிப் பிரிக்கும்படி சட்டம் எதுவும் இல்லை. பழக்கம் பிரித்து வைத்திருக்கிறது. சட்டத்தை மாற்றுவது சுலபம். பழக்கத்தை மாற்றுவது அல்லவா கடினம்!

உடுப்பைப் பார்த்தால் எந்தப் பள்ளிக்கூடம் என்று தெரியும். பள்ளிக்கூடம் தெரிந்தால் எந்தப் பக்கம் என்று தெரியும். விளையாட்டிலும் பிரிவுதான். கத்தோலிக்கப் பையன் அயர்லாந்து நாட்டுக் கால்பந்து ஆடுவான். புராடெஸ்டண்டுப் பையன் ரக்பி ஆடுவான், கிரிக்கெட் ஆடுவான்.

இன்னும் ஒரு வேடிக்கை. இங்கிலீஷில் 'எச்' என்று ஓர் எழுத்து இருக்கிறது. புராடெஸ்டண்டுப் பிள்ளை அதை 'எய்ச்' என்று சொல்லும். கத்தோலிக்கப் பிள்ளை 'ஹெய்ச்' என்று சொல்லும். அந்த ஓர் எழுத்தைச் சொல்ல வைத்தால் போதும். பிள்ளை எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்து விடுவார்கள்.

ஓர் ஊருக்கே இரண்டு பெயர். ஒரு பக்கத்தார் 'டெர்ரி' என்பார்கள். மறு பக்கத்தார் 'லண்டன்டெர்ரி' என்பார்கள். ஊர் பெயரைச் சொன்னாலே சாயம் வெளுத்து விடும்.

வேடிக்கை இதோடு நின்றால் சிரித்துவிட்டுப் போகலாம். 2001-ம் ஆண்டில் நடந்ததைக் கேளுங்கள்.

வடக்கு பெல்பாஸ்டில் 'திருச்சிலுவை' என்ற கத்தோலிக்கப் பெண்கள் ஆரம்பப் பள்ளிக்கூடம் இருக்கிறது. புராடெஸ்டண்டுகள் வசிக்கும் தெரு வழியாகத்தான் அதற்குப் போக வேண்டும். இரண்டு பக்கத்து வீட்டார்களுக்கும் தகராறு முற்றியது. புராடெஸ்டண்டுகள் அந்தத் தெருவில் நின்று மறியல் செய்தார்கள். நாலு வயது, ஐந்து வயதுச் சிறுமிகள் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள். இரண்டு பக்கமும் கேடயம் தாங்கிய போலீசார், பட்டாளத்தார். அவர்களுக்குப் பின்னால் இருந்து வசைமாரி! செப்டம்பர் 5-ந் தேதி ஒருவன் வெடிகுண்டையே வீசினான். மறியல் நவம்பர் வரை நடந்தது.

எந்தக் குழந்தையும் 'எய்ச்' என்றோ 'ஹெய்ச்' என்றோ சொல்லிக்கொண்டு பிறப்பது இல்லை. பெரியவர்கள் சொல்லிக் கொடுப்பது அது. அப்படியானால், அந்தப் பக்கத்துப் பிள்ளையும் தன்னைப் போல ஒரு பிள்ளைதான் என்று யார் சொல்லிக் கொடுப்பது?

28 பிள்ளைகள்

எல்லோருடைய பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்க வேண்டும் என்று நினைத்த பெற்றோர்கள் சிலர் இருந்தார்கள். 1981-ம் ஆண்டில் அவர்களே ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். 'லாகன் கல்லூரி' என்று பெயர். முதல் நாள் வந்த பிள்ளைகள் 28 பேர். அந்த நாளில் அது லேசான காரியம் அல்ல. ஊரெங்கும் குண்டு வெடித்துக்கொண்டிருந்த சமயம்!

பின்னர் அதே மாதிரிப் பல பள்ளிக்கூடங்கள் வந்தன. ஆனாலும் இன்று வரை அவற்றில் படிப்பவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர் கூட இல்லை. தாய் தகப்பன் படித்த பள்ளிக்கூடத்திலேயே பிள்ளையும் படிக்க வேண்டும் என்ற ஆசை எந்த ஊரில்தான் இல்லை?

"ஒருவரை ஒருவர் அறிந்துகொள்வது" என்பதைப் பாடத்திட்டத்தில் கட்டாயம் ஆக்கினார்கள். அது 1992-ம் ஆண்டில். இரண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் ஒருநாள் சேர்ந்து சுற்றுலாப் போவார்கள். அருங்காட்சியகம் பார்ப்பார்கள். பஸ்சில் திரும்பி வருவார்கள். அவரவர் வீட்டுக்குப் போவார்கள். அவ்வளவுதான். ஒரு நாள் பழக்கத்தில் என்ன ஒட்டும்?

அப்போதுதான் சிலருக்கு வேறு யோசனை தோன்றியது. பிள்ளைகளை அனுப்பத்தானே பெற்றோர் தயங்குகிறார்கள்? பிள்ளைகளின் பேச்சை அனுப்பினால் என்ன?

கரடி எழுதிய டைரி

யோசனை புதியது அல்ல. பிரான்சு நாட்டில் பிரெனே என்று ஒரு வாத்தியார் இருந்தார். 1920-களிலேயே அவருடைய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒரு சிறு அச்சு யந்திரத்தில் தாங்களே எழுதியதை அச்சுக்கோத்து, தூரத்தில் இருந்த கடலோரப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து பதில் வந்தது. மலைப்பக்கத்துப் பிள்ளைகள் மீன் பிடிப்பவர்களின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டார்கள். தபால்காரர் வரும் நாள் அவர்களுக்குத் திருவிழா!

தபால் போன வழியில் பின்னர் கம்பி போயிற்று. 1988-ம் ஆண்டில் அமெரிக்காவும் ரஷியாவும் அணுகுண்டை வைத்துக்கொண்டு ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டிருந்தன. அப்போது நியூயார்க் மாநிலத்தில் 12 பள்ளிக்கூடங்களையும், மாஸ்கோவில் 12 பள்ளிக்கூடங்களையும் கம்ப்யூட்டர் மூலம் இணைத்தார்கள். 'ஐயர்ன்' என்ற சங்கம் அதிலிருந்துதான் பிறந்தது. இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் அதில் சேர்ந்த பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன.

அந்தச் சங்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு என்று ஒரு திட்டம் உண்டு. அதன் பெயர் பொம்மைக் கரடித் திட்டம். ஒரு நாட்டு வகுப்பு, வேறொரு நாட்டு வகுப்புக்கு ஒரு கரடி பொம்மையைத் தபாலில் அனுப்பும். அங்கிருந்து ஒரு பொம்மை இங்கே வரும். வந்த பொம்மையைப் பிள்ளைகள் முறை வைத்துத் தங்கள் வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். மறுநாள், அந்தப் பொம்மையே எழுதுவது போல டைரி எழுதி, அதன் சொந்த ஊருக்கு இண்டர்நெட்டில் அனுப்புவார்கள்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தன் வீட்டில் தினமும் நடப்பது பிள்ளைக்குச் சாதாரணம். ஆனால் வெளியூர்க் கரடியின் கண்ணால் பார்த்து எழுதும்போது அதே காரியம் விசேஷமாகி விடுகிறது. "இந்த வீட்டில் எல்லோரும் செருப்பை வாசலிலேயே கழற்றிப் போடுகிறார்கள்" என்று ஜப்பான் வீட்டில் இருந்து கரடி எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். படிக்கிற பிள்ளை சிரிக்கும். "நம் வீட்டில் ஏன் கழற்றுவது இல்லை?" என்று தாயிடம் கேட்கும். வேற்று நாட்டைத் தெரிந்துகொள்ளப் போன பிள்ளை, தன் வீட்டைப் பற்றியே யோசிக்க ஆரம்பித்து விடும்.

ஆனால், 'தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி' என்று சொல்வார்கள் அல்லவா? ஜப்பான் பிள்ளையோடு சிநேகம் பிடிப்பதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. அவன் வீட்டாரோடு பழைய பகை கிடையாது. அவன் தகப்பனார் இவன் மாமனைச் சுட்டது கிடையாது. பக்கத்துத் தெருப் பிள்ளையோடு சிநேகம் பிடிப்பதுதான் உண்மையான பரீட்சை. அந்தப் பரீட்சையை வட அயர்லாந்து எழுதிப் பார்த்தது.

எல்லைகளைக் கரைத்தல்

சமாதான ஒப்பந்தம் ஏற்பட்ட மறு ஆண்டு – 1999-ல் – ஒரு திட்டம் தொடங்கியது. 'எல்லைகளைக் கரைத்தல்' என்பது அதன் பெயர். வட அயர்லாந்துப் பள்ளிக்கூடம் ஒன்று. எல்லைக்குத் தெற்கே அயர்லாந்துக் குடியரசுப் பள்ளிக்கூடம் ஒன்று. இரண்டையும் ஜோடி சேர்ப்பார்கள். இரண்டு சர்க்காரும் பணம் கொடுத்தன. வடக்கே அல்ஸ்டர் பல்கலைக்கழகமும் தெற்கே மேனூத் பல்கலைக்கழகமும் திட்டத்தை நடத்தின.

பிள்ளைகளுக்கு முன்னால் வாத்தியார்கள் சந்தித்தார்கள். அதுவும் கம்ப்யூட்டரில் அல்ல, நேரில்! ஆண்டுத் தொடக்கத்தில் வடக்கு வாத்தியாரும் தெற்கு வாத்தியாரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, அந்த ஆண்டு எந்தப் பாடத்தைச் சேர்ந்து நடத்துவது என்று தாங்களே முடிவு செய்தார்கள். மேலிடத்து உத்தரவு இல்லை. மற்ற ஊர்களில் இப்படிப்பட்ட திட்டங்கள் படுத்துவிடுவதற்குப் பெரும்பாலும் காரணம் வாத்தியார்கள்தான் என்று பழி சொல்வது உண்டு. வாத்தியாரைக் கேட்காமல் கம்ப்யூட்டரை மட்டும் அனுப்பினால் அது துணி போர்த்திக்கொண்டு மூலையில் உட்காராமல் வேறு என்ன செய்யும்?

பிறகு பிள்ளைகளைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்தார்கள். இங்கே ஒரு குழு. அங்கே ஒரு குழு. ஒரே பாடத்தில் பாதி வேலை இவர்களுக்கு. மறு பாதி அவர்களுக்கு. தகவல்களை எழுதி அனுப்பினார்கள். இடையிடையே வீடியோவில் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள். பல பள்ளிக்கூடங்களில் கடைசியில் பிள்ளைகள் நேரிலும் சந்தித்தார்கள். ஆரம்பப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி மட்டும் அல்ல. ஊனமுற்ற பிள்ளைகளுக்கான பள்ளிகளும் சேர்ந்தன.

வட அயர்லாந்துக்கு ஒரு வசதியும் இருந்தது. அங்கே எல்லாச் சர்க்கார் உதவி பெறும் பள்ளிக்கூடங்களையும் ஒரே கம்ப்யூட்டர் வலையில் சேர்த்திருந்தார்கள். ஏழைத் தெருப் பள்ளிக்கூடம், பணக்காரத் தெருப் பள்ளிக்கூடம் என்ற பேதம் இல்லை. இந்தச் சமத்துவம் இல்லாத இடத்தில் இப்படி ஒரு திட்டத்தைப் பற்றிப் பேசுவதே வீண்.

2014-ம் ஆண்டு வரை சுமார் 570 பள்ளிக்கூடங்கள் அதில் சேர்ந்தன. சுமார் 2,600 ஆசிரியர்கள் வேலை செய்தார்கள். சுமார் 50 ஆயிரம் பிள்ளைகள் எல்லைக்கு அப்பால் இருந்த பிள்ளைகளோடு சேர்ந்து படித்தார்கள்.

பழகப் பழக...

"சேர்ந்து பழகினால் பகை தானாகப் போய்விடும்" என்று சிலர் நினைக்கிறார்கள். அது அவ்வளவு சுலபம் அல்ல. 'பழகப் பழகப் பாலும் புளிக்கும்' என்பதும் உண்மைதானே?

அமெரிக்காவில் கார்டன் ஆல்போர்ட் என்ற மனோதத்துவப் பேராசிரியர் 1954-ம் ஆண்டில் இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். வெறுமே பார்த்துக்கொண்டால் போதாது என்றார் அவர். இரண்டு பக்கத்தாரும் சமமானவர்களாக உட்கார வேண்டும். இரண்டு பக்கத்தாருக்கும் பொதுவான ஒரு வேலை இருக்க வேண்டும். அந்த வேலையில் போட்டி கூடாது, ஒத்துழைப்பு வேண்டும். மேலே உள்ளவர்களின் ஆதரவும் வேண்டும். இவை இருந்தால்தான் பழக்கத்தால் பகை குறையும்.

அது அவருடைய கருத்து. பின்னால் மற்றவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். 2006-ம் ஆண்டில் இரண்டு ஆராய்ச்சிக்காரர்கள் உலகெங்கும் நடந்த 515 ஆராய்ச்சிகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். பொதுவாகப் பழக்கம் வெறுப்பைக் குறைக்கிறது என்று தெரிந்தது. ஆல்போர்ட் சொன்ன நிபந்தனைகள் இருந்த இடத்தில் இன்னும் நன்றாகக் குறைந்தது.

சரி, அது நேரில் பழகுகிறவர்களின் கதை. கம்ப்யூட்டரில் பழகினால்?

ஆஸ்திரேலியாவில் சோதனை செய்தார்கள். முஸ்லிம் பள்ளிக்கூடத்து மாணவர்களையும் கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்து மாணவர்களையும் பல வாரங்கள் இண்டர்நெட்டில் பேசச் செய்தார்கள். "வாருங்கள், மதத்தைப் பற்றித் தர்க்கம் செய்யுங்கள்" என்று விட்டுவிடவில்லை. "இயற்கையைப் பாழாக்காமல் காப்பதற்கு உங்கள் இரண்டு மதமும் என்ன உதவி செய்ய முடியும்? சேர்ந்து ஒரு திட்டம் போடுங்கள்" என்று வேலை கொடுத்தார்கள். திட்டம் முடிந்து ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும், சேர்ந்து வேலை செய்தவர்களிடம் ஓரவஞ்சனை எண்ணம் குறைந்திருந்தது. இந்த ஆராய்ச்சி 2012-ம் ஆண்டில் வெளிவந்தது.

ஆகவே, குணம் கம்பியில் இல்லை. கம்பிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து செய்த வேலையில் இருக்கிறது.

முகம் பிறகு!

இஸ்ரேலிலும் பள்ளிக்கூடங்கள் தனித்தனி. யூதர்களில் மத ஆசாரம் பார்ப்பவர்களுக்கு ஒன்று; மற்ற யூதர்களுக்கு ஒன்று; அராபியருக்கு ஒன்று. வட அயர்லாந்தில் இருப்பது இரண்டு. அங்கே இன்னும் அதிகம். அங்கே மூன்று வகைக் கல்லூரிகளைச் சேர்ந்த மூன்று பெண் ஆசிரியர்கள் ஒன்றுசேர்ந்து ஒரு முறையைக் கண்டுபிடித்தார்கள்.

அவர்கள் செய்தது மற்றவர்கள் செய்ததற்கு நேர்மாறானது. முதலில் முகத்தைக் காட்டவில்லை!

முதல் கட்டத்தில் எழுத்து மட்டும். குழுவில் இருப்பவர்கள் ஒருவருக்கு ஒருவர் எழுதிக்கொள்வார்கள். தலையில் முக்காடு இருக்கிறதா, குல்லாய் இருக்கிறதா என்று தெரியாது. பேச்சின் சாயலும் தெரியாது. அவர் செய்த வேலை மட்டும்தான் தெரியும். அடுத்த கட்டத்தில் குரல் கேட்கும். அதற்கும் அடுத்த கட்டத்தில் முகம் தெரியும். நேரில் சந்திப்பது கடைசியில்.

இதில் எவ்வளவு புத்தி இருக்கிறது, பாருங்கள்! மனிதன் முதல் பார்வையிலேயே முடிவு கட்டி விடுகிறான். உடையைப் பார்த்ததும் பழைய கதை எல்லாம் நினைவுக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் காதில் ஏறாது. ஆனால் முதலில் வேலையால் அறிமுகமாகி விட்டால்? பிறகு முக்காட்டைப் பார்க்கும்போது, "ஓகோ, அந்தக் கெட்டிக்காரப் பெண்தானா இது!" என்றுதானே தோன்றும்?

'எய்ச்', 'ஹெய்ச்' என்று குரலைக் கேட்டே பிரிக்கிற நாட்டுக்கும் இந்த முறை பொருத்தமானதே.

எழுத்திலும் ஒரு பள்ளம் உண்டு. ஒரே வார்த்தைக்கு இரண்டு பக்கமும் ஒரே பொருள் என்று நம்பிவிடக் கூடாது. 1997-ம் ஆண்டில் அமெரிக்க மாணவர்களையும் பிரெஞ்சு மாணவர்களையும் இண்டர்நெட்டில் சேர்த்து ஒரு வகுப்பு தொடங்கினார்கள். சில வார்த்தைகளைக் கொடுத்து, அதைக் கேட்டதும் மனதில் தோன்றுவதை எழுதச் சொன்னார்கள். அதில் ஒன்று, தனிமனிதனுக்கே முதலிடம் என்று பொருள்படும் வார்த்தை. இரண்டு மொழியிலும் அது ஏறக்குறைய ஒரே வார்த்தைதான். அமெரிக்கப் பிள்ளைகள் 'சுதந்திரம்' என்ற பொருள் வரும்படி எழுதினார்கள். பிரெஞ்சுப் பிள்ளைகளோ 'சுயநலம்' என்ற பொருள் வரும்படி எழுதினார்கள்! இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "ஏன் இப்படி?" என்று ஒருவரை ஒருவர் கேட்பதுதான் அங்கே பாடம். இன்று எந்த மொழியையும் எந்த மொழிக்கும் கண் இமைக்கும் நேரத்தில் பெயர்த்துத் தரும் யந்திரங்கள் வந்து விட்டன. வார்த்தையைப் பெயர்த்துத் தரும். அதன் பின்னால் இருக்கும் மனதை எப்படிப் பெயர்க்கும்? அதைப் பிள்ளைகள்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதே கம்பியில் விஷம்

இதுவரை சொன்னது வகுப்பறைக்கு உள்ளே நடந்தது. மாலையில் மணி அடித்ததும் பிள்ளைகள் வெளியே வருகிறார்கள். கையில் செல்போன் இருக்கிறது. அதிலும் இண்டர்நெட் இருக்கிறது. அங்கே வாத்தியார் இல்லை!

2021-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி. பெல்பாஸ்டில் லானார்க் தெருவில் உள்ள சமாதானச் சுவரின் கதவு அருகே கலகம் மூண்டது. ஒரு பஸ்சை மறித்துக் கொளுத்தினார்கள். கதவுக்கு இரண்டு பக்கமும் இளைஞர் கூட்டம். கல்லும் பெட்ரோல் குண்டும் சுவரைத் தாண்டிப் பறந்தன. அந்தக் கூட்டத்தில் 12 வயது, 13 வயதுச் சிறுவர்களும் இருந்தார்கள். சமாதான ஒப்பந்தம் ஏற்பட்டு 23 ஆண்டுகளுக்குப் பின்னர்! அந்தப் பையன்கள் பிறந்ததே ஒப்பந்தத்துக்குப் பின்னால்தான். "வாருங்கள், இந்த இடத்தில் கூடுங்கள்" என்ற அழைப்பு அந்த நாட்களில் செல்போனில்தான் பரவியது.

2024-ம் ஆண்டில் இன்னொன்று. ஜூலை 29-ந் தேதி இங்கிலாந்தில் சவுத்போர்ட் என்ற ஊரில் மூன்று சிறுமிகளை ஒருவன் குத்திக் கொன்றான். "அவன் கள்ளத்தனமாக நாட்டுக்குள் வந்த அகதி" என்று இண்டர்நெட்டில் ஒரு பொய் பரவியது. அவன் பிரிட்டனிலேயே பிறந்தவன். உண்மை தெரிவதற்குள் கலகம் பரவி விட்டது. ஆகஸ்டு 3-ந் தேதி பெல்பாஸ்டிலும் வெளிநாட்டார் கடைகளைத் தாக்கினார்கள். 2025-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் பாலிமீனா என்ற ஊரில் அயல் நாட்டாரின் வீடுகளுக்குத் தீ வைத்தார்கள்.

ஆம்! வட அயர்லாந்தில் இப்போது கத்தோலிக்கர், புராடெஸ்டண்டு என்ற இரண்டு பேர் மட்டும் இல்லை. போலந்துக்காரர் வந்திருக்கிறார்கள். ருமேனியர் வந்திருக்கிறார்கள். இந்தியர் இருக்கிறார்கள். சிரியா அகதிகள் இருக்கிறார்கள். வெள்ளையர் அல்லாத சிறுபான்மையோர் 2021-ம் ஆண்டுக் கணக்குப்படி சுமார் 65,600 பேர். நூற்றுக்கு 3.4 பேர். மூன்றாவது ஒருவர் வந்ததும், பழைய பகையாளிகளில் சிலர் அவர்மேல் பாய்வதில் ஒன்றுசேர்ந்து விட்டார்கள். இந்த ஒற்றுமையையா கேட்டார்கள்?

பொய் சொல்லும் கம்பிக்கு விடுமுறை கிடையாது. சர்க்கார் பணமும் தேவை இல்லை. வகுப்பறைக் கம்பிக்கு இரண்டும் உண்டு.

பஸ்சா, கம்பியா?

'எல்லைகளைக் கரைத்தல்' திட்டத்துக்கு 2014-ம் ஆண்டில் பணம் நின்றது. திட்டமும் நின்றது. 15 ஆண்டுகள் நடந்த திட்டம்!

அதற்குப் பிறகு வட அயர்லாந்து சர்க்கார் வேறு வழியில் போயிற்று. பக்கத்தில் பக்கத்தில் உள்ள கத்தோலிக்கப் பள்ளிக்கூடமும் புராடெஸ்டண்டுப் பள்ளிக்கூடமும் சில பாடங்களைச் சேர்ந்து நடத்துவது என்று ஏற்பாடு. ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பஸ்சில் ஏற்றி மறு பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போவார்கள். 'பகிர்ந்து படித்தல்' என்று பெயர். 2016-ம் ஆண்டில் அதற்கு என்று சட்டமே வந்தது.

இது நல்ல ஏற்பாடு. நேரில் உட்கார்ந்து ஒன்றாகப் படிப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் பஸ்சுக்குச் செலவு அதிகம். பஸ் வராத நாட்களில் சிநேகம் என்ன ஆகும்? 2020-ம் ஆண்டு மார்ச்சில் கொரோனா வந்தது. பள்ளிக்கூடங்களை மூடினார்கள். பஸ் நின்றது, சந்திப்பும் நின்றது. அப்போது சில பள்ளிக்கூடங்கள் மறுபடியும் கம்ப்யூட்டரைத் தேடின.

அல்ஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரோஜர் ஆஸ்டின் இந்தத் துறையில் பல ஆண்டுகளாக உழைத்தவர். 'எல்லைகளைக் கரைத்தல்' திட்டத்தை நடத்தியவர்களில் ஒருவர். இரண்டையும் கலந்து செய்ய வேண்டும் என்பது அவர் கட்சி. வாரம் தோறும் கம்ப்யூட்டரில் சேர்ந்து வேலை. இடையிடையே நேரில் சந்திப்பு. வட அயர்லாந்தையும் இஸ்ரேலையும் ஒப்பிட்டு அவர் இதை எழுதியிருக்கிறார்.

இது நியாயமாகத்தான் தெரிகிறது. கலியாணத்துக்குப் பெண் பார்க்கப் போகிறவர்கள் கூட இப்போது முதலில் செல்போனில் பேசி விட்டுத்தானே போகிறார்கள்! முன்பின் பேசாத பிள்ளையைத் திடீர் என்று ஒரே பெஞ்சில் உட்கார வைத்தால், இரண்டும் தலையைக் குனிந்துகொள்ளும். முன்பே மூன்று மாதம் சேர்ந்து வேலை செய்த பிள்ளைகள் பஸ்சை விட்டு இறங்கும்போதே பெயர் சொல்லிக் கூப்பிடும்.

இப்போது 'பீஸ் பிளஸ்' என்ற பெயரில் ஐரோப்பிய யூனியனும் பிரிட்டனும் சேர்ந்து ஒரு பெரிய நிதி ஒதுக்கியிருக்கின்றன. மொத்தம் சுமார் 114 கோடி யூரோ. எல்லைக்கு இரு பக்கமும் சமாதான வேலைகளுக்காக அது செலவாகும். பிள்ளைகள் சேர்ந்து படிக்கும் திட்டத்துக்கும் அதில் பங்கு உண்டு.

பணம் வந்தால் பஸ் ஓடும். நிதிக்குக் காலக்கெடு உண்டு. அது முடிந்த பிறகும் வாத்தியாருக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கிக் கொடுத்தால், கம்ப்யூட்டர் ஏற்கெனவே மேஜைமேல்தான் இருக்கிறது.